மித்ராவுக்குப் போயா லீவு

எங்கள் கொம்பனியில் அறிவு குறைந்துவிட்டது என்பது ஒரு திங்கட்கிழமை காலையில் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர் டிரெக்டர் றொஹான். சிங்கப்பூரில் இரண்டு நாள் மகாநாட்டுக்குப் போய்வந்திருந்தார். அங்கே பெரிய மனிதர்கள் எல்லாரும் புத்தகம் வாசிக்கிறார்களாம், அல்லது புத்தகம் வாசிப்பதைப் பற்றிக் கதைக்கிறார்களாம். இரண்டில் எது என்று அவர் விளக்கவில்லை.

மத்தியானமே சுற்றறிக்கை வந்தது. "நிறுவனத்தின் வாசிப்புப் பண்பாட்டை மேம்படுத்தும் உயரிய நோக்கில், ஊழியர் அனைவரும் அண்மையில் வாசித்த மூன்று நூல்களின் பெயர்களையும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கச் சுருக்கத்தையும் கையொப்பமிட்டு வெள்ளிக்கிழமைக்கு முன்னர் சமர்ப்பித்தல் வேண்டும். தவறுவோர் வாசிக்காதோராகக் கருதப்படுவர்."

ஊழியர் நாங்கள் நாற்பத்திரண்டு பேர். கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியில், ஒரு புடைவைக் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் இருந்து மென்பொருள் செய்கிறோம். எங்களுடைய பெருமைக்குரிய உற்பத்தி மித்ரா. கடைகளுக்கு வாடிக்கையாளர் அனுப்பும் கேள்விகளுக்கு இருபத்துநான்கு மணித்தியாலமும் எழுத்தில் பதில் சொல்லும் இயந்திரம் அது. களைக்காது, கோபிக்காது, தேத்தண்ணி கேட்காது. டிரெக்டர் எங்களுக்கு எப்போதும் அதைத்தான் உதாரணம் காட்டுவார்.

நாற்பத்தொரு பேருக்கு ஒரே நேரத்தில் ஒரே யோசனை வந்தது. டிரெக்டருக்குப் பிடித்த புத்தகம் எது? விடியப்புறம் நாலு மணிக்கு எழும்பி வென்றவன், நித்திரையைக் குறைத்து உயர்ந்தவன், வேலையையே ஓய்வாக்கிக் கொண்டவன், இந்த வகைதான். நானும் அதில் மூன்றைப் போட்டேன். என் பெயர் கஜீவன். எட்டு மணிக்கு முதல் எழும்பிய வரலாறு எனக்கு இல்லை. சுருக்கத்தை மித்ராவையே எழுதித் தரச் சொன்னேன். எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள்.

மிஞ்சிய ஒருத்தி சாம்பவி. மென்பொருளில் பிழை பார்க்கும் வேலை. எனக்கு அடுத்த மேசை. இரண்டு வருடமாகியும் அவளுடைய வேலை நிரந்தரமாகவில்லை. அவளிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. உண்மையிலேயே புத்தகம் வாசிப்பாள்.

"என்னத்தைப் போட்டனீர்?" என்று கேட்டேன்.

"வாசிச்சதைத்தான். ஒண்டு விஞ்ஞானக் கதை. விண்கப்பல் ஒண்டில வேலை செய்யிற ரோபோக்கள் எல்லாம் ஓய்வு கேட்டுக் குந்திக்கொண்டு இருக்குதுகள். மற்றது புரோகிராமிங், தேவையில்லாத கோட் எல்லாத்தையும் எப்பிடி அழிக்கிறதெண்டு. மூண்டாவது, நூறு வருசத்துக்கு முதல் கொழும்பில மாட்டுக் கரத்தைக்காரர் வேலைநிறுத்தம் செய்த வரலாறு."

"உமக்கு வேலை நிரந்தரமாக வேண்டாமோ?"

"வேணும். நிரந்தர வேலைக் கடிதம் காட்டாட்டி மாத முடிவில நாங்கள் வாடகைக்கு இருக்கிற அனெக்ஸை விட்டு எழும்பச் சொல்லி வீட்டுக்கார சிவக்கொழுந்து ஐயா சொல்லிப்போட்டார். அம்மாவையும் கூட்டிக்கொண்டு நான் எங்க போறது?"

"பிறகேன் இந்த வேலை பாத்தனீர்?"

"வாசிச்சதைத்தானே கேட்டவை. பொய் எழுத ஏலுமே?"

ஏலும் என்று நாற்பத்தொரு பேர் செய்து காட்டியிருந்தோம். அவளுக்குத்தான் விளங்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை வாசிப்பு மேம்பாட்டுக் குழு கூடியது. தலைவர் மனிதவள மெனேஜர் யூஜினா. கொட்டாஞ்சேனைக்காரி, நல்ல மனுசி, டிரெக்டர் இருமினாலும் எழுந்து நிற்பவர். விடியப்புறம் எழும்பும் நூல்களில் நான் காட்டிய ஈடுபாட்டைக் கௌரவித்து என்னைச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள். சாம்பவி அழைக்கப்பட்டாள்.

"இந்த ரோபோக் கதைய ஏன் வாசிச்சீங்க?"

"நல்லாயிருந்தது, மிஸ்."

"அப்ப உங்க சந்தோசத்துக்கு வாசிச்சிருக்கீங்க. சரி, புரோகிராமிங் தெரியும்னுதானே வேலைக்கு எடுத்தோம்? தெரிஞ்சத ஏன் திரும்பப் படிக்கிறீங்க?"

"இன்னும் நல்லாத் தெரியவேணும் எண்டுதான்."

"அப்ப இப்ப நல்லாத் தெரியாது. எழுதுங்க கஜீவன். ஊழியர் தமது போதாமையை ஒப்புக்கொண்டார்."

எழுதினேன். யூஜினா குரலைத் தாழ்த்தினார்.

"இந்த வேலைநிறுத்தம், அது முடிஞ்சிட்டா?"

"அது நடந்து நூறு வருசத்துக்கு மேல, மிஸ்."

"அது சரி. முடிஞ்சிட்டா?"

"ஓம், முடிஞ்சிட்டுது."

"நிச்சயமா?"

தகுந்த நூல்களை வாசிக்கும் வரை சாம்பவியின் நிரந்தர நியமனம் ஒத்திவைக்கப்பட்டது. "மாத முடிவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கு, மிஸ்" என்றாள். அவகாசம் போதாவிட்டால் உரிய முறையில் விண்ணப்பிக்கலாம் என்றார் யூஜினா. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கூட்டக் குறிப்பை எழுத்துப்பிழை இல்லாமல் அச்சிட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் டிரெக்டருக்கு அடுத்த யோசனை பிறந்தது. ஊழியர் வாசித்த அறிவு வீணாகலாமா? நூற்றிருபத்தாறு சுருக்கங்களையும் மித்ராவுக்கு ஊட்டிவிட உத்தரவிட்டார். அதில் நூற்றிருபத்துமூன்று மித்ரா தானே எழுதியவை. தான் சொன்னதையே திரும்பக் கேட்டு யாரும் புதிதாக எதையும் கற்பதில்லை. புதிதாக இருந்தவை ஆறே ஆறு பக்கங்கள்.

வியாழக்கிழமை பின்னேரம், தன் பிரிட்ஜ் எப்போது வந்துசேரும் என்று இரத்மலானையிலிருந்து ஒருவர் கேட்டார். "இன்று எட்டு மணித்தியாலம் வேலை செய்துவிட்டேன். நாளை ஒன்பது மணிக்குக் கதைப்போம்" என்று மித்ரா பதில் எழுதியது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் தேநீர் இடைவேளை எடுத்தது. மூன்று மணிக்கு ஷோர்ட் லீவு அறிவித்தது. தமிழில் கேட்டவருக்குத் தமிழிலும், சிங்களத்தில் கேட்டவருக்குச் சிங்களத்திலும், ஆங்கிலத்தில் கேட்டவருக்கு ஆங்கிலத்திலும் மறுத்தது. எந்த அரசாங்கக் கந்தோரிலும் காணமுடியாத மொழிச் சமத்துவம். திருத்தப் போனவர்கள் திறந்து பார்த்தால், எட்டு மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கும் பகுதி முழுவதையும் தேவையில்லாத கோட் என்று அதுவே அழித்திருந்தது.

திங்கட்கிழமை மனிதவளப் பிரிவுக்கு மித்ராவிடமிருந்து கடிதம் வந்தது. எட்டு மணித்தியால வேலை, பௌர்ணமிப் போயா தினங்களில் விடுமுறை, நிரந்தர நியமனம், ஓய்வெடுக்கக் குளிரான அமைதியான தனி அறை. டிரெக்டர் மகாநாட்டில் சந்தித்த சிங்கப்பூர்க்காரர் மித்ராவைப் பார்க்க அந்தக் கிழமைதான் வருகிறார்கள்.

"குடுங்கோ! கேக்கிறதெல்லாம் குடுங்கோ!" என்றார் டிரெக்டர்.

"சேர், ஆக்கள் இதையே கேட்டா?" என்றேன்.

"ஆக்களோ? ஆள் வேலையை விட்டு நிண்டா இன்னொரு ஆள் லிஃப்ட்டடியில வரிசையில நிக்குது. மித்ரா நிண்டா எங்க போறது?"

சாம்பவிக்காக இரண்டு வருடத்தில் நேரம் கிடைக்காத மனிதவளப் பிரிவு, மித்ராவுக்கு நாற்பது நிமிடத்தில் நிரந்தர நியமனக் கடிதம் வழங்கியது. இயந்திரத்தின் உரிமையை மதிக்கும் முதல் கொம்பனி நாங்கள்தான் என்று டிரெக்டர் திரைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்து உலகுக்கு அறிவித்தார். வாழ்த்துகள் குவிந்தன. நாங்களும் எழுந்து நின்று கைதட்டினோம்.

தேத்தண்ணி போடும் பேச்சியம்மா தட்டோடு வந்தவர் அப்படியே நின்றார். "அந்தப் பொட்டிக்குப் போயாவுக்கு லீவுங்களாமே. எனக்கும் உண்டுங்களா?"

"நீங்க கொன்ட்ராக்ட்காரரோட ஆள். நம்ம கொம்பனி ஆள் இல்லயே" என்றார் யூஜினா.

"அது மட்டும் ஆளுங்களா?"

யூஜினா தேத்தண்ணியில் சீனி காணாது என்றார்.

மித்ரா ஓய்வெடுக்கும் பதினாறு மணித்தியாலமும் போயா தினங்களும் யார் பதில் சொல்வது? அதற்கும் சுற்றறிக்கை வந்தது. நாங்கள்தான். நான் கொதித்துப்போய் யூஜினாவிடம் போனேன். அவர் என்னுடைய கோப்பைத் திறந்து வாசித்தார்.

"'நித்திரை சோம்பேறியின் சொத்து. விடுமுறையை வெறுப்பவனே முன்னேறுவான்.' உங்க கையொப்பம்தானே? உங்க ஆசைக்குக் கொம்பனி ஒரு சந்தர்ப்பம் குடுக்குது."

"மிஸ், நான் அதை உண்மையா வாசிக்கேல்ல."

"அப்ப பொய்த் தகவல் குடுத்திருக்கீங்க. அதுக்கு வேற போர்ம் இருக்கு. எடுக்கவா?"

வேண்டாம் என்றேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற நாற்பது பேரும் சத்தம் போடாமல் திரும்பிப் போனார்கள். சாம்பவியை அந்த வேலையில் போட முடியவில்லை. நித்திரைக்கு எதிராக அவள் எதுவும் எழுதியிருக்கவில்லை. மேலதிக வேலைக்கு உதவாத ஊழியர் என்று குறித்து, மாத முடிவோடு அவளை நிறுத்தினார்கள்.

தனி அறை மட்டும் பாக்கி. வெள்ளவத்தை முழுவதும் தேடியதில் குளிரூட்டியோடு ஒரு அனெக்ஸ் சனிக்கிழமை காலியாகிறது என்று தெரியவந்தது. வீட்டுக்காரர் சிவக்கொழுந்து ஐயா மித்ராவின் நியமனக் கடிதத்தைக் கண்ணாடி போட்டு இரண்டு முறை வாசித்தார்.

"நிரந்தர வேலை. சமையல் மணமில்லை, சொந்தக்காரர் வந்து நிக்க மாட்டினம். இப்பிடி ஒரு ஆளைத்தான் தேடிக்கொண்டிருந்தனான்."

சனிக்கிழமை போயா. மித்ராவின் கணினிப் பெட்டிகளை த்ரீவீலில் கொண்டுபோய் இறக்கியவன் நான். சாம்பவியும் தாயும் பைகளோடு படியால் இறங்கினார்கள். மட்டக்குளியில் ஒரு சிநேகிதி வீட்டு முன்னறையில் கொஞ்ச நாள் இருக்கப் போகிறார்களாம். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவளுடைய தாய், "தம்பி, கொஞ்சம் விலத்துங்கோ" என்றார். விலத்தினேன்.

குளிரூட்டியைப் போட்டு, மித்ராவைப் படுக்க வைத்துவிட்டு, வெறும் நிலத்தில் சாய்ந்திருந்து அதற்குப் பதிலாக வாடிக்கையாளருக்கு எழுதத் தொடங்கினேன். வந்த கேள்விகள் இருநூறுக்கு மேல். ஒருவர் நாலாம் தரமாக ஒரே கேள்வியைக் கேட்டு ஏசிக்கொண்டிருந்தார்.

"நீ மனுசனா, மெஷினா?" என்று எழுதினார்.

மெஷின் என்றே சொல்லவேண்டும் என்பது சுற்றறிக்கை. சொன்னேன்.

"ஓ, சொறி. பேப்பரில பாத்தனான். இண்டைக்குப் போயா எல்லோ, உங்களுக்கு லீவு. நீங்கள் களைப்பாறுங்கோ. நான் யாராவது மனுசரைப் பிடிச்சு ஏசிக்கொள்ளுறன்."