என்ன சாப்பிட்டீங்க, சகலை?

அன்பும் அடக்கமும் நிறைந்த இளைய சகலை அவர்களுக்கு, மூத்த சகலை எழுதிக்கொண்டது. இங்கு நான் நலம். என் வீட்டம்மா என்னைவிட நலம். அங்கு நீங்களும் என் மைத்துனியும் நலமாக இருக்க வேண்டும். நிற்க.

போன ஞாயிற்றுக்கிழமை நம் மச்சினன் மகள் கல்யாண வரவேற்பில் நீங்கள் செய்த உதவிக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம்தான், ஆனால் எழுதினால்தான் எனக்குக் கோர்வையாக வரும்.

கூட்டம் என்றாலே எனக்குப் பயம் என்பது உங்களுக்குத் தெரியும். தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலையில் ஊரிலுள்ள அத்தனை வீட்டுக்குள்ளும் நுழைந்தவன் நான், ஆனால் பேச்சு என்று வந்தால் "மீட்டர் எங்கே?" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. மண்டபத்துக்குள் கால் வைத்ததுமே என் வீட்டம்மா அக்கா தங்கைகளோடு ஐக்கியமாகிவிட்டாள், நான் போய் ஒரு கும்பலில் ஒட்டிக்கொண்டேன், அவர்கள் சிரித்து முடித்த பிறகு நான் சிரித்தேன், அதற்குள் பேச்சு யாருக்கோ நடந்த ஆபரேஷனுக்குப் போயிருந்தது, எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்க்க, மெல்ல நழுவினேன். குரூப் போட்டோவுக்குக் கூப்பிட்டார்களே என்று ஓடினால், போட்டோக்காரர் "சார், கொஞ்சம் தள்ளி, இன்னும் கொஞ்சம் தள்ளி" என்று சொல்லிச் சொல்லியே என்னைக் கை கழுவும் இடத்தில் கொண்டுபோய் விட்டார். அங்கே ஒருவர் ஈரக் கையை நீட்டி, "துண்டு எங்கப்பா?" என்றார். எடுத்துக் கொடுத்தேன். ஏன் பொய் சொல்ல, ஒரு மனுஷன் என்னோடு பேசினாரே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், போகிறவர் வருகிறவர் எல்லோரும் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கிறார்கள், நானும் மரியாதைக்கு "ஆச்சு, ஆச்சு" என்கிறேன், அவர்களும் கடமை முடிந்தது என்று போய்விடுகிறார்கள், இத்தனை பேர் விசாரித்தும் நான் பட்டினி. அழுகையே வந்துவிட்டது சகலை. இனிமேல் செத்தாலும் எந்த விசேஷத்துக்கும் வருவதில்லை என்று முடிவு செய்து வெளியே நடந்தபோதுதான் வாசலில் உங்கள் முதுகு தெரிந்தது.

"சகலை!" என்றேன். சட்டென்று திரும்பினீர்கள்.

"அட, வாங்க சகலை! சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு."

"என்ன சாப்பிட்டீங்க?"

அந்த இரண்டாவது கேள்வியை அன்றைக்கு ஒருத்தரும் கேட்கவில்லை. திருதிருவென்று முழித்தேன். "முழிக்கிற முழியே சரியில்லையே! நானும் இன்னும் சாப்பிடல, வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பக்கத்தில் உட்கார வைத்தீர்கள். நாம் பார்த்துக்கொள்ளாத இந்தச் சில வருஷத்தில் உங்களுக்கு மீசை வந்திருந்தது, உயரமும் கொஞ்சம் கூடியிருந்தது, மைத்துனி நன்றாகக் கவனித்துக்கொள்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு பேசினோம்! உங்க முட்டி வலி, என் குறட்டை, அப்புறம் மாமியார். அவங்க ஒரு பார்வை பார்த்தா சோறு தொண்டையிலயே நின்னுடும்னு நீங்க சொன்னப்போ, அடடா, இத்தனை வருஷமா நான் மட்டும்தான் பயப்படறேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேனேன்னு எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. நீங்க நல்லா இருக்கணும் சகலை. அடுத்த விசேஷத்துக்கு நான்தான் முதல் ஆளா வந்து நிப்பேன், பக்கத்துல ஒரு இடம் போட்டு வைங்க.

மைத்துனிக்கு என் அன்பு. நீங்கள் பசி என்றால் என்னவென்றே தெரியாமல் நூறு வயது வாழ்க.

இப்படிக்கு,
நன்றி மறவாத மூத்த சகலை

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் என் வீட்டம்மா பிடுங்கிப் படித்துவிட்டாள். "அவர் எங்க வந்தாரு? முதுகு பிடிச்சுக்கிட்டுப் படுத்துக் கிடக்கறார்னு தங்கச்சி அன்னிக்கே சொன்னாளே!" என்கிறாள். அப்படியானால் நான் பார்த்தது உங்கள் முதுகே இல்லை. இப்போது தேவலையா? நன்றியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், மன்னிக்கவும், வாழ்த்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அவர் யாரென்று இங்கே யாருக்கும் தெரியவில்லை. அவர் சொன்னது எந்த வீட்டு மாமியாரோ! முன்பின் தெரியாத ஒருத்தன் "சகலை" என்று கூப்பிட்டதும் அவர் ஏன் அத்தனை வேகமாகத் திரும்பினார் என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பாவம், அதுவரை அந்த மண்டபத்தில் அவரையும் யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.