இறக்கையில் விபூதி

"இன்னும் எத்தனை நாழி அடியிலேயே படுத்துண்டிருப்பேள்?" என்று சாவித்ரி குனிந்து கேட்டாள்.

"பரிசோதனைன்னா அவசரப்படப்படாது" என்று விமானத்தின் வயிற்றுக்குக் கீழேயிருந்து பதில் வந்தது.

பதில் சொன்ன பஞ்சாபகேசனுக்கு அங்கே எதைப் பரிசோதிப்பது என்றே தெரியாது. ஒளிந்துகொள்ள அந்தக் கொட்டகையில் அதைவிட நல்ல இடம் வேறு இல்லை, அவ்வளவுதான். சங்குமுகத்துக் கடற்காற்று மணலை வாரி வாரி அவர் காதில் போட்டது. மேல் துண்டு எண்ணெய்க் கறையில் நனைந்துகொண்டிருந்தது. இருந்தாலும் வெளியே வந்து மனைவியின் முகத்தைப் பார்ப்பதைவிட இது தேவலை என்று கிடந்தார்.

யுத்த காலத்தில் அவர் பெங்களூரில் ஒரு விமானப் பட்டறையில் வேலை பார்த்தார். அது நிஜம். அங்கே டைப் அடித்தார். அதுவும் நிஜம்தான், ஆனால் கரமனை அக்கிரகாரத்தில் யாருக்கும் அதைச் சொல்லவில்லை. பரிசோதகர்கள் கிறுக்கிக் கொடுப்பதை மெஷினில் தட்டுவதோடு சரி. கல்யாணத்தின்போது மாமனார் என்ன உத்தியோகம் என்று கேட்க, "ஏரோப்ளேன் பரிசோதனை இலாகா" என்று சொல்லிவைத்தார். நாளடைவில் 'இலாகா' உதிர்ந்து போய்விட்டது. சாவித்ரி தண்ணீர்க்குழாயடியில் நின்றுகொண்டு, "அவர் கையெழுத்து இல்லாமே ஒரு ப்ளேனும் மேலே போகாதாக்கும்" என்று சொல்ல ஆரம்பித்தபோதே மறுத்திருக்க வேண்டும். அவருக்கு அது கேட்க இனிமையாக இருந்தது. அந்த இனிமைக்குத்தான் இப்போது மணலில் கிடந்து அனுபவித்துக்கொண்டிருந்தார்.

"அத்திம்பேரே! துரு இருக்கா, இல்லையா?" என்று கத்தினான் நாகேஸ்வரன்.

நாகேஸ்வரன் சாவித்ரியின் தம்பி. யுத்தத்தில் மரக் காண்டிராக்ட் எடுத்துக் கொழுத்தவன். கார் வாங்கி அலுத்துவிட்டது. இப்போது ஆகாயத்தில் போக ஆசை. கல்லாறுக்கு மேலே தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு முதலாளி, பட்டாளத்தார் கழித்துக்கட்டிய இரண்டு ஆள் விமானம் ஒன்றை வாங்கி இந்தக் கொட்டகையில் நிறுத்தியிருந்தார். அதை விற்கப் போவதாகச் செய்தி வந்தது. கடலோரத்தில் நின்ற சாமானாயிற்றே, அரித்துப் போயிருக்குமோ என்று பார்த்துச் சொல்ல மெட்ராஸிலிருந்து ஓர் இன்ஜினீயரை வரவழைக்க ஏற்பாடு பண்ணினான் நாகேஸ்வரன். சாவித்ரி பிடித்துக்கொண்டாள். "ஆத்துலேயே மனுஷர் இருக்கச்சே இன்ஜினீயர் என்னத்துக்குடா? உங்க அத்திம்பேரை அவமானம் பண்றியா?" இன்ஜினீயர் வரவேண்டாம் என்று அன்றைக்கே தந்தி போய்விட்டது.

பஞ்சாபகேசன் படுத்தபடியே தகட்டைத் தட்டினார். பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பார்களே, அந்த மாதிரி.

"சத்தம் கேட்டாயாடா? அந்தக் கை பழகின கை" என்று மேலே சாவித்ரியின் குரல் பூரித்தது.

பஞ்சாபகேசனுக்குக் கூசிப் போயிற்று. ஆறு வயதுக் குழந்தைகூட இதைவிட நன்றாகத் தட்டும். தன்னை இவ்வளவு நம்புகிறவளிடம் எப்படி உண்மையைச் சொல்வது என்று நினைத்து வெட்கத்தில் கண்ணை மூடினார். மூடியபோதுதான், தினமும் டைப் அடித்த வாக்கியம் ஒன்று விரல்களில் வந்து நின்றது. *தகடு சேருமிடங்களில் வெள்ளைப் பொடி: அலுமினியம் அரித்திருக்கிறது. போல்ட்டுகளைச் சுற்றிச் சிவப்பு: இரும்பு துருவேறியிருக்கிறது. பறக்கத் தகுதியில்லை.*

கண்ணைத் திறந்தார். இறக்கை உடம்போடு சேரும் இடமெல்லாம் பட்டை பட்டையாக வெள்ளை! போல்ட்டுக்குப் போல்ட்டு வட்ட வட்டமாகச் சிவப்பு!

பஞ்சாபகேசன் துள்ளி எழுந்ததில் நெற்றி தகட்டில் மோதியது. அதைக்கூடக் கவனிக்காமல் தவழ்ந்து வெளியே வந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனக்கு ஏதோ தெரியும் என்ற கம்பீரம் முகத்தில் வந்துவிட்டது.

"நாகேசா, வாங்காதே. பூரா அரிப்பு. இதோ பார், வெள்ளை பூத்திருக்கு, அலுமினியத்தோட துரு வெள்ளையாத்தான் இருக்கும். இதோ சிவப்பு, இது இரும்போடது. மேலே போனா இறக்கை ஒரு பக்கம், நீ ஒரு பக்கம்."

நாகேஸ்வரன் முகம் வாடியது. சாவித்ரி கிட்டே போய் உற்றுப் பார்த்தாள். பார்த்தவள் இரண்டு கன்னத்திலும் பட்பட்டென்று போட்டுக்கொண்டாள்.

"சிவ சிவா! ஏன்னா, இது விபூதின்னா!"

"என்னது?"

"நவராத்திரி முடிஞ்சு நாலு நாள்கூட ஆகலை. ஆயுத பூஜைக்கு விபூதி பூசி, குங்குமம் வெச்சிருக்கா. நாகு, உன் லாரிக்கெல்லாம் நானேதானேடா வெச்சேன்? இப்படியேதானே இருந்தது? ஸ்வாமி பிரசாதத்தைத் துருங்கறேளே, அபசாரம்!"

சொல்லிக்கொண்டே இறக்கையில் விரலைத் தேய்த்து நெற்றியில் இட்டுக்கொண்டாள். போல்ட்டிலிருந்து சிவப்பைத் தொட்டு வகிட்டிலும் தாலியிலும் வைத்துக்கொண்டாள். நாகேஸ்வரனும் மூன்று விரலால் நெற்றி நிறையப் பூசிக்கொண்டான். பூசிய கையோடு அத்திம்பேரை ஒரு மாதிரி பார்த்தான்.

"அத்திம்பேரே, கேக்கறேனேன்னு கோவிச்சுக்கப்படாது. விபூதிக்கும் துருவுக்கும் வித்தியாசம் தெரியலைன்னா... பெங்களூர்லே நீர் நெஜமா என்ன வேலைதான் பார்த்தீர்?"

சாவித்ரியும் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சந்தேகம் இன்னும் வரவில்லை, ஆனால் வாசலில் நின்றது. பஞ்சாபகேசனுக்கு உடம்பு முழுக்கச் சுட்டது. டைப் அடித்தவன் டைப் அடித்த புத்தியைத்தானே காட்டுவான்? அக்கிரகாரத்துக் குழந்தைக்குத் தெரிகிற விபூதி தனக்குத் தெரியாமல் போயிற்றே! பூமி பிளந்து வாங்கிக்கொண்டால் தேவலை என்று இருந்தது.

"ஹெ ஹெ!" என்று சிரித்தார். "நான் சொன்னா நீங்க அப்படியே நம்பறேளா, சுயபுத்தியோட பாக்கறேளான்னு ஒரு சோதனை. பெங்களூர்லே புது ஆளுக்கெல்லாம் இப்படித்தான் வெப்போம்."

நம்பவைக்க அதோடு விடவில்லை. தானும் இரண்டு கையாலும் வழித்து நெற்றி, கழுத்து, புஜமெல்லாம் பூசிக்கொண்டார். பக்திக்குக் கொஞ்சம் வாயிலும் போட்டுக்கொண்டார். உப்புக் கரித்தது. கடலோரத்து விபூதி அப்படித்தான் இருக்கும்போலும் என்று விழுங்கிவிட்டார்.

"அப்போ ப்ளேன் நன்னா இருக்கா?" என்றான் நாகேஸ்வரன்.

"கல்லு மாதிரி இருக்கு."

"பின்னே ஏறிப் பாத்துடலாமே" என்று இத்தனை நேரமும் பீடியோடு தூணில் சாய்ந்திருந்த தங்கப்பன் முன்னால் வந்தான். அவன் விமானம் ஓட்டுகிறவன். நாகேஸ்வரன் அமர்த்தி, அன்று காலைதான் கொச்சியிலிருந்து வந்து தம்பானூரில் ரயில் இறங்கியிருந்தான்.

"நீங்க ஒரு தடவை பார்த்துடப்படாதா, தங்கப்பன்?" என்று கெஞ்சலாகக் கேட்டார் பஞ்சாபகேசன்.

"ஐயோ ஸாரே, எனிக்கு ஓட்டத்தான் அறியும். இரும்பு தகரம் ஒண்ணும் அறியில்லா. ஸார் நோக்கியாச்சு இல்லே? பின்னே எந்தா பயம்?"

"நான் முதல்ல ஏறட்டுமா?" என்று நாகேஸ்வரன் இழுத்தான். பயம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

"நீ என்னத்துக்கு? பாஸ் பண்ணினவர்தான் முதல்ல ஏறணும். அதானே அங்கே வழக்கம், ஏன்னா?" என்றாள் சாவித்ரி.

அங்கே அப்படி ஒரு வழக்கம் உண்டு என்று அவளிடம் அளந்தவர் பஞ்சாபகேசன்தான். மறுக்க வாயைத் திறந்தார். "சாவித்ரி, நான் அங்கே டைப்..." என்று வந்துவிட்டது. நெற்றியில் பட்டை, வகிட்டில் சிவப்பு, கண்ணில் அத்தனை பெருமையோடு நின்றாள் அவள். நாளைக்குக் குழாயடியில் அவள் தலையைக் குனிந்துகொண்டு தண்ணீர் பிடிப்பதை நினைத்துப் பார்த்தார். அது தாங்காது என்று பட்டது.

"டைப்பு டைப்பா எத்தனையோ ப்ளேன்லே ஏறியாச்சு. இது என்ன பெரிய காரியம்" என்று முடித்தார்.

நாலு பேராகத் தள்ளி விமானத்தை மைதானத்துக்குக் கொண்டுவந்தார்கள். தங்கப்பன் அவரைத் தன் பக்கத்து ஆசனத்தில் உட்காரவைத்து இடுப்பில் வாரைப் போட்டு இறுக்கினான். நாகேஸ்வரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முன்னால் விசிறியைச் சுற்றிவிடத் தயாராக நின்றான். பஞ்சாபகேசன், இத்தனை பூஜை ஆன வண்டி கைவிடாது என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

அப்போது மைதானத்து ஓரத்தில் ஒரு கார் வந்து நின்றது. குடையோடு ஓர் அம்மாள் இறங்கி வந்தாள்.

"முதலாளி வீட்டம்மா" என்றான் நாகேஸ்வரன். "விக்கறதுக்கு முந்தி ஒருதரம் பறக்கறதைப் பார்க்கணும்னு சொல்லியனுப்பியிருந்தா."

சாவித்ரி ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமையும் அதுவுமாகச் சுமங்கலி வெறும் நெற்றியோடு வந்திருக்கிறாளே, அவசரத்தில் மறந்துவிட்டாள்போல என்று அவளுக்குப் பாவமாக இருந்தது. அந்த அம்மாளை இழுத்துக்கொண்டு இறக்கையடிக்கே வந்தாள்.

"மாமி, உங்காத்துப் பூஜை பிரமாதம்! ஒரு மூலை விடாமே, ஒரு போல்ட் விடாமே இட்டிருக்கேள். எங்காத்துக்காரரே முதல்லே திகைச்சுப் போயிட்டார், கேட்டேளா!"

சாவித்ரி போல்ட்டிலிருந்து சிவப்பைத் தொட்டு அந்த அம்மாளின் நெற்றிக்குக் கொண்டுபோனாள். மேலே தங்கப்பன் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, நாகேஸ்வரனுக்குச் சுற்றச் சொல்லிச் சைகை காட்டினான். பஞ்சாபகேசன் வாரைப் பிடித்துக்கொண்டார்.

அந்த அம்மாள் ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

"தப்பா நெனைக்காதேயுங்கம்மா, நாங்க சர்ச்சுக்குப் போறவங்கல்லா, எங்களுக்குப் பூசையெல்லாம் கெடையாது, இந்தச் சாமானெ ரெண்டு மழைக்காலமா ஒருத்தரும் தொட்டதே இல்லியே!"