எண்பத்திரண்டுக்கு இறங்காத அண்ணன் எழுதுவது

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுகிறேன். இங்கே நானும் உன் அண்ணியும் சுகம். பதிலுக்கு உன் சுகத்தை விசாரிப்பதுதான் முறை. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இயந்திரத்தோடு குழாய் மாட்டிக் கிடப்பவளிடம் சுகமா என்று கேட்க எனக்கே வெட்கமாக இருப்பதால் அதை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். என்னால் முடியவில்லை, அதுதான் விஷயம். போனில் சொன்னால் நீ "பரவாயில்ல, விடுண்ணா" என்பாய். அதைக் கேட்கத் தைரியம் இல்லாமல் எழுதுகிறேன்.

ரத்தம் ஒத்துப்போய், மற்ற சோதனைகளும் ஒத்துப்போய், என் தொண்ணூற்றுமூன்று கிலோ மட்டும் ஒத்துவரவில்லை என்றும், எண்பத்திரண்டுக்கு வந்தால்தான் சிறுநீரகத்தை எடுக்க முடியும் என்றும் டாக்டர் மூன்று மாதம் கெடு வைத்தது உனக்குத் தெரியும். அந்த வாரமே உன் அண்ணி என்னைக் கேட்காமல் ஒரு எடைக்குறைப்புக் குழுவில் பெயர் கொடுத்துவிட்டது தெரியாது. சலவைக்கடைக்கு மேலே ஒரு அறை, சனிக்கிழமை காலை ஏழு மணி, எட்டுப் பேர், சுவர் ஓரமாக ஒரு எடை இயந்திரம். நடத்துபவர் ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியை. கழுத்தில் இன்னும் விசில் தொங்குவதால் எல்லோருக்கும் அவர் விசில் டீச்சர். முப்பது வருஷமாக எடைமேடையில் உட்கார்ந்து லாரி லாரியாக எடை போட்டுச் சீட்டு கிழித்தவன் நான். என்னை மேலே ஏற்றி, எடையைச் சத்தமாகப் படித்து, ஏழு பேர் அதைத் தங்கள் நோட்டில் எழுதிக்கொண்டபோதுதான் லாரிகளின் மனசு எனக்குப் புரிந்தது.

எதற்காக வந்தீர்கள் என்று ஒவ்வொருவரும் எழுந்து சொல்ல வேண்டுமாம். யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று நீ சத்தியம் வாங்கியிருந்தாயே, அதனால் பேன்ட் சேரவில்லை என்றேன். மற்றவர்கள் முழங்கால், சர்க்கரை, மகள் கல்யாணம் என்று உருக்கமாகச் சொல்லிய பிறகு என் பேன்ட்டுக்கு எவ்வளவு மரியாதை கிடைத்திருக்கும் என்று நீயே யோசித்துக்கொள்.

அடுத்தது ஜோடி. ஒருவரை ஒருவர் கண்காணிக்க வேண்டும். எனக்கு வாய்த்தவர் யார் தெரியுமா, ஒரு பேக்கரிக்காரர். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு ரொட்டி அடுப்பிலிருந்து இறங்கும் நேரம் பார்த்து எனக்குப் போன் போட்டு, "அண்ணே, என்ன சாப்பிட்டீங்க?" என்பார். வெள்ளரிக்காய் என்பேன். பெருமூச்சு விடுவார். நீங்க என்ன சாப்பிட்டீங்க என்று நான் கேட்டால் பதில் வராது, மெல்லும் சத்தம்தான் வரும். மனுஷன் நல்லவர், பொய் மட்டும் வராது. விடிந்ததும் இருவரும் நடக்கப் போனால் தெருநாய்கள் என்னை விட்டுவிட்டு வெண்ணெய் வாசனைக்காக அவரைத் துரத்தும், அவரைத் தனியே விட மனமில்லாமல் நானும் ஓடுவேன். இப்படி ஓடியே ஐந்து வாரத்தில் எண்பத்தைந்துக்கு வந்துவிட்டேன்.

அங்கேயே நின்றுவிட்டது. ஒரு வாரம் எண்பத்தைந்து, மறு வாரம் எண்பத்தைந்து, ஒரு மாதம் முழுக்க எண்பத்தைந்து. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் நடக்கத் தோன்றுகிறது, நடந்தால் பசிக்கிறது. ஒரு லாரி போய் இன்னொன்று வருவதற்குள் நானே எடைமேடையில் ஏறி நிற்க ஆரம்பித்தேன். அது பத்துப் பத்து கிலோவாகத்தான் கணக்குச் சொல்லும். எண்பது என்றது. சந்தோஷத்தில் ஒரு பன் வாங்கித் தின்றேன். ஒன்றுதான். திரும்ப ஏறினால் தொண்ணூறு என்கிறது. பின்னால் நின்ற டிரைவர் ஹாரன் அடித்துவிட்டு, சரக்கை இறக்கிட்டு ஏறுங்க சார் என்றான்.

நாள் நெருங்க நெருங்க எனக்குப் புத்தி கெட்டது. எடையைக் குறைத்துக் காட்ட டிரைவர்கள் செய்யும் தில்லுமுல்லு எல்லாம் எனக்கு அத்துப்படி. போன மாதக் கடைசிச் சனிக்கிழமை, இயந்திரத்தில் ஏறியதும் சுவரில் லேசாக விரல்களை ஊன்றினேன். எண்பத்துமூன்று. எல்லோரும் கை தட்டினார்கள், பேக்கரிக்காரர் அழுதேவிட்டார். அவர் அழுததுதான் எனக்குத் தாங்கவில்லை. அடுத்த வாரம் போனால் இயந்திரம் அறையின் நடுவில் இருந்தது, பிடித்துக்கொள்ளச் சுற்றிலும் ஒன்றுமில்லை. எண்பத்தைந்து. டீச்சர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகத்தான் கேட்டார்.

"ஒரு பேன்ட்ட ஏமாத்தி என்ன சார் கிடைக்கப் போகுது?"

"பேன்ட் இல்ல டீச்சர். என் தங்கச்சிக்குக் கிட்னி கொடுக்கணும். கெடு முடியப் போகுது."

சத்தியத்தை மீறிவிட்டேன், மன்னித்துவிடு. செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கி வந்தவன் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. நாலு மணிக்குப் போன் வந்தால் எடுப்பதில்லை. ஆகவே அம்மா, நீ காத்திருப்போர் பட்டியலில் உடனே பெயர் கொடு. அண்ணனை நம்பி இன்னும் நாளைக் கடத்தாதே. சின்ன வயதிலிருந்து நீ என்னிடம் எதுவுமே கேட்டதில்லை. இதையும் நீ கேட்கவில்லை, நானாகத்தான் தருகிறேன் என்றேன். அதுதான் உறுத்துகிறது.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, மாமாவைப் போல இல்லாமல் சொன்னதைச் செய்பவர்களாக வளரட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: மேலே உள்ளது மூன்று வாரத்துக்கு முன் எழுதியது. தபாலில் போடச் சொல்லிக் கொடுத்ததை உன் அண்ணி டீச்சரிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். டீச்சர் அதைக் குழு நடுவே உரக்கப் படித்திருக்கிறார். 'ஒன்றுதான்' என்பதை அடித்துவிட்டுச் சிவப்பு மையில் 'மூன்று' என்று எழுதியிருப்பது அவர்தான், தகவல் பேக்கரிக்காரர் தந்தது, பன் அவர் கடை. மறுநாள் காலை ஏழு பேரும் கடிதத்தோடு எடைமேடைக்கே வந்துவிட்டார்கள். ஆளுக்கு ஒரு நாள் என்று முறை போட்டுக்கொண்டு மூன்று வாரமாக என்னைத் தனியே விடவில்லை. என் சாப்பாட்டு டப்பாவை டீச்சர் திறந்து பார்த்த பிறகுதான் நான் தொடலாம். பேக்கரிக்காரர் நாலு மணிக்கு அடுப்பை மனைவியிடம் விட்டுவிட்டு என்னோடு நடக்க வந்துவிடுகிறார், அவரே நாலு கிலோ இறங்கிவிட்டார்.

இன்று காலை ஆஸ்பத்திரி இயந்திரத்தில் எண்பத்தொன்று எண்ணூறு. கையை இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டே நின்றேன். வருகிற புதன்கிழமை என்று டாக்டர் தேதி கொடுத்துவிட்டார். பட்டியல் கிட்டியல் என்று எங்கும் பெயர் கொடுக்காதே. வரும்போது ஏழு பேரும் கூட வருகிறார்கள், தடுக்க முடியவில்லை, மாப்பிள்ளையிடம் சொல்லிவை.

ஒரு சிறுநீரகம் எவ்வளவு இருக்கும் என்று டாக்டரிடம் கேட்டேன். சுமார் நூற்றைம்பது கிராமாம். பதினொரு கிலோவை ஏழு பேராகச் சேர்ந்து இறக்கியது இதற்குத்தான் என்று பேக்கரிக்காரருக்கு மட்டும் தெரிய வேண்டாம்.