மிலன் சங்கத்துக்குக் கருமாதி

சாந்த்ராகாச்சி,
ஆகஸ்ட் 2001

மதிப்பிற்குரிய மச்சான் முத்துகிருஷ்ணன் அவர்களுக்கு,

சாந்த்ராகாச்சியிலிருந்து உங்கள் தங்கை வீட்டுக்காரன் இராஜமாணிக்கம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் பூங்கோதையும் நலம். விழுப்புரத்தில் நீங்களும் நாகலக்ஷ்மி அக்காவும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும். என் தலையில் முடி இல்லை என்பதைத் தவிர இங்கே சொல்லிக்கொள்ளும்படியான குறைச்சல் எதுவும் இல்லை.

உங்கள் தந்தி வந்தது. யார் இறந்தது என்று கேட்டிருந்தீர்கள். இங்கே எங்கள் எதிர்வீட்டு தினேஷ்குமார் ஊருக்கு வந்தபோது, பெங்காலிப் பேப்பரில் என் படம் வந்திருப்பதைப் பெருமையாக உங்களிடம் காட்டியிருக்கிறான். காட்டியவன் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லிவிட்டாவது போயிருக்கலாம். மொட்டைத் தலையோடு, மேலே வெறும் துண்டோடு, மாலை போட்ட படத்துக்கு முன்னால் ஒருவன் உட்கார்ந்திருந்தால் யாருமே தந்தி அடிக்கத்தான் செய்வார்கள். நாகலக்ஷ்மி அக்கா தலை முழுகிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு நானும் பூங்கோதையும் ரொம்பச் சங்கடப்பட்டோம். அந்த மாலைக்குள் இருந்தது எந்த மனுஷனுடைய படமும் இல்லை மச்சான். அது மிலன் சங்கத்தின் சின்னம். செத்தது ஒரு ஃபுட்பால் கிளப்.

கிளப் எப்படிச் சாகும் என்று நீங்கள் கேட்பீர்கள். பூங்கோதையும் கேட்டாள். அவளுக்குச் சொன்னதைவிட உங்களுக்குக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். நான் ரயில்வேயில் வண்டிகளைச் சோதிக்கிற வேலையில் சேர்ந்து இந்த யார்டுக்கு வந்த புதிதில், ஒரு வார்த்தை பெங்காலி தெரியாமல், பேச ஆள் இல்லாமல் திரிந்துகொண்டிருந்தேன். அப்போது கார்டாக இருந்த நிமாய் ஹால்தார், நாங்கள் நிமாய்தா என்று கூப்பிடுகிறவர், ஒரு சாயங்காலம் என் கையைப் பிடித்து யார்டுக்குப் பின்னால் இருக்கிற மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கேதான் மிலன் சங்கம் ஆடும். சிவப்பும் பச்சையும் பனியன், சிக்னல் மாதிரி. நான் பெங்காலி கற்றுக்கொண்டதே அந்த மைதானத்தில்தான். அதனால் ரொம்ப நாள் எனக்கு வசவு மட்டுமே சரளமாக வரும். கடையில் உருளைக்கிழங்கு கேட்கத் திணறுவேன். ஒருமுறை கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற எங்கள் ஸ்டாப்பர் ஓங்கி உதைத்த பந்து ஓடிக்கொண்டிருந்த கூட்ஸ் வண்டியில் விழுந்து கரக்பூர் போய்விட்டது. கிளப்பில் இருந்ததே அந்த ஒரு பந்துதான். நான் கண்ட்ரோல் ஆபீசுக்குப் போன் போட்டு, அவசரச் சாமான் என்று சொல்லி, மறுநாள் வண்டியில் திருப்பி வரவழைத்தேன். அன்றிலிருந்து மைதானத்தில் எனக்கென்று ஒரு இடம். நிமாய்தா பக்கத்தில், வேப்பமரத்துக்குக் கீழே. நாங்கள் ஜெயித்தது குறைவு. ஆனால் தோற்றவர்கள் எல்லாரும் எங்கள் ஆட்கள். தோற்ற மறுநாள் வேலைக்கு வந்து எங்கள் முகத்தில் விழிக்க வேண்டியவர்கள். கோல்கீப்பர் பந்தை விட்டுவிட்டால் அடுத்த நாள் அவன் கையால்தான் நான் டீ வாங்கிக் குடிக்க வேண்டும். அது ஒரு மாதிரி குடும்பம்.

போன வருஷம் ஒரு பிரஷர் குக்கர் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். கம்பெனி பெயர் ரந்தன் ராணி. ரந்தன் என்றால் இங்கே சமையல். கிளப்புக்கு நல்லது செய்கிறோம் என்றார்கள், கமிட்டியும் தலையாட்டியது. கல்கத்தாவே கொல்கத்தா ஆகப்போகிறது, நம் பெயரில் இரண்டு வார்த்தை கூடினால் என்ன என்று நானும் இருந்துவிட்டேன். இப்போது எங்கள் டீமின் பெயர் ‘ரந்தன் ராணி பிரஷர் குக்கர் சாந்த்ராகாச்சி மிலன் சங்கம்’. இதைச் சொல்லி உற்சாகப்படுத்துவதற்குள் எதிராளி கோல் போட்டுவிடுகிறான். சிவப்பும் பச்சையும் போய்விட்டது. அலுமினியக் கலரில் பனியன், வயிற்றின் மேல் குக்கர் படம். கொஞ்சம் தொப்பை உள்ள பையன் போட்டால் குக்கர் நிஜமாகவே பொங்குகிற மாதிரி இருக்கும். டீ விற்ற கோல்கீப்பரை அனுப்பிவிட்டு எங்கிருந்தோ ஒருவனைக் கூட்டிவந்தார்கள். அவனிடம் பேசினால் மேனேஜரிடம் கேளுங்கள் என்கிறான். எங்கள் வேப்பமரத்தடியில் வி.ஐ.பி. நாற்காலி போட்டார்கள். இடைவேளையில் மைதானத்தின் நடுவில் அடுப்பு வைத்துக் கிச்சடி செய்து காட்டி எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு தொன்னை கொடுக்கிறார்கள். ஆட்டம் தொடங்கும்போது நூறு பேர் இருந்தால், இடைவேளைக்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கிச்சடி தீர்ந்ததும் மறுபடியும் நூறு பேர்.

அதையும் பொறுத்துக்கொண்டோம் மச்சான். பொறுக்க முடியாமல் போனது கோல் போஸ்டுக்குப் பின்னால் நிறுத்திய ராட்சதக் குக்கரைத்தான். யானைக்குச் சமைக்கலாம், அவ்வளவு பெரிசு. எங்கள் டீம் கோல் போட்டால் அது விசில் அடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் குக்கருக்கு யார் கோல் போட்டது என்று எப்படித் தெரியும்? ஆவி ஏறினால் அது அடிக்கும், அவ்வளவுதான். போன மாதம் ஸ்ரீராம்பூர்க்காரர்களோடு ஆட்டம். கோல் இல்லாமல் கடைசிக் கட்டம் வரை வந்துவிட்டோம். அவர்களுடைய ஆள் பந்தோடு எங்கள் பக்கம் ஓடிவருகிறான். அந்த நேரம் பார்த்துக் குக்கர் விசில் அடித்தது. தடுக்க வேண்டிய எங்கள் பேக் இரண்டு பேரும் ரெஃபரி அடித்ததாக நினைத்து அப்படியே நின்றுவிட்டார்கள். ஒருவன் குனிந்து ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தான். கோல்கீப்பர் தண்ணீர் குடிக்கப் போனான். ஸ்ரீராம்பூர்க்காரன் நடந்தே போய்ப் பந்தை உள்ளே தள்ளிவிட்டு, ஏதோ தப்பு செய்துவிட்டவன் போல எங்களைத் திரும்பிப் பார்த்தான். ரெஃபரி கோல் கொடுத்தார். குக்கர் அதற்கும் ஒரு விசில் அடித்தது.

வீட்டுக்கு வந்து சொன்னால் பூங்கோதை, “குக்கர் விசில் ஒரு மாதிரி, மனுஷன் ஊதுற விசில் ஒரு மாதிரி. அதுகூடத் தெரியாதவன்லாம் என்னங்க பேக்கு?” என்று கேட்டாள்.

அன்றைக்கு ஆட்டம் முடிந்ததும் நிமாய்தா மைதானத்துக்குள் நடந்துபோய்ப் பெனால்டி புள்ளியில் உட்கார்ந்துவிட்டார். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் போய் எழுப்பினேன். அவர் பெங்காலியில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

“ராஜாபாபு, மிலன் சங்கம் போயிடுச்சு. நம்ம கண்ணு முன்னாடியே உயிர் போச்சு. இனிமே இருக்கிறது வெறும் குக்கர்தான்.”

“வாங்க நிமாய்தா, நனையறீங்க.”

“செத்தவங்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாம நான் எங்கேயும் வர மாட்டேன்.”

இப்படித்தான் மச்சான் கருமாதி முடிவாயிற்று. பழைய ஆதரவாளர்கள் எல்லாரும் ஒத்துக்கொண்டோம். பதினோரு பேர் மொட்டை போடுவது, ஒரு டீம் மாதிரி. கருமாதியன்று காலையில் நாவிதரும் வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். நான் முன்வரிசையில் இருந்ததால் முதலில் என் தலையை நனைத்தார். பாதித் தலை ஆனபோது நிமாய்தா தயங்கித் தயங்கி வந்து, “ராஜாபாபு, பொண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டுல இருந்து பார்க்க வர்றாங்க. மொட்டைத் தலையோட நின்னா அபசகுனம்னு வீட்டுல ஒரே அழுகை” என்றார். அடுத்தவருக்குச் சைனஸ். இன்னொருவர் மொட்டை போட்டால் பென்ஷன் ஆபீசில் போட்டோவோடு முகம் ஒத்துப்போகாது என்றார். எனக்குப் பாதித் தலை வழித்தாகிவிட்டது, அதோடு எழுந்து எங்கே போவது? அதனால் மிலன் சங்கத்துக்குப் பிள்ளையாக நான் ஒருவன்தான் உட்கார்ந்தேன். புரோகிதர் பட்டாச்சார்ஜிக்கு விஷயத்தைச் சரியாகச் சொல்லவில்லை போலிருக்கிறது. இறந்தவர் கோத்திரம் என்ன என்று கேட்டார். நிமாய்தா கண்ணைத் துடைத்துக்கொண்டே, “செகண்ட் டிவிஷன்” என்றார்.

பிண்டம் பிடிக்கிற நேரத்தில் ஒரு வெள்ளைக் காரில் கம்பெனியின் விளம்பர அதிகாரி வந்து இறங்கினான். சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நாங்கள் எல்லாரும் எழுந்து நின்றோம். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து மாலை போட்ட படத்துக்கு முன்னால் கை கூப்பினான். பிறகு நான் தமிழில் முனகியதைக் கேட்டுவிட்டு, “அங்கிள், நீங்க தமிழா? நான் ஜெய்ராம். டாலிகஞ்ச்லதான் பொறந்தேன். என் தமிழ் ஏக்டு... கொஞ்சம் வீக், மன்னிச்சிருங்க” என்றான்.

“என்னப்பா வேணும் உனக்கு?”

“உங்க துக்கம் எங்க கம்பெனிக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு அங்கிள். இவ்வளவு ஃபீலிங் நாங்க எங்கேயும் பார்த்ததில்ல. நாங்க ஸ்பான்சர் பண்றோம்.”

“துக்கத்தையா?”

“ஆமா அங்கிள். பந்தல், பேப்பர்காரங்க, சாப்பாடு எல்லாம்.”

வேண்டாம் என்று சொல்வதற்குள் பந்தல் எழும்பிவிட்டது. அதன் மேல் பெரிய எழுத்தில் ‘ரந்தன் ராணி பெருமையுடன் வழங்கும் மிலன் சங்க சிராத்தம்’ என்று துணி கட்டினார்கள். வரிசையாகக் குக்கர் ஏற்றிக் கருமாதிச் சாப்பாடு சமைத்தார்கள். பட்டாச்சார்ஜி ஒவ்வொரு மந்திரம் முடித்தபோதும் ஏதோ ஒரு குக்கர் விசில் அடித்தது. அப்போதுதான் அந்தப் போட்டோ எடுத்தார்கள். உன்னிப்பாகப் பார்த்தால் என் காதுக்குப் பின்னால் ஆவி போவது தெரியும். என் தலை புகைகிறது என்று நினைத்துவிடாதீர்கள். நிமாய்தா பந்தல் துணியை நிமிர்ந்து பார்த்தார். “நாம அழறதுக்கும் இவனுங்க பேரு போட்டுட்டானுங்க, ராஜாபாபு. இனி நமக்குன்னு என்ன இருக்கு?” என்றார். இனி இந்த மைதானத்தில் காலை வைப்பதில்லை என்று அங்கேயே எல்லாரும் சத்தியம் செய்தோம். பிறகு சாப்பிட்டோம். உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா, கிச்சடி நன்றாகத்தான் வெந்திருந்தது. நிமாய்தா இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு வந்த முதல் ஆட்டத்தன்று நான் வீட்டிலேயே இருந்தேன். பூங்கோதை புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மைதானத்திலிருந்து சத்தம் வந்தது. முன்பெல்லாம் டூட்டியில் வண்டிக்கு அடியில் படுத்திருந்தால்கூட, வருகிற சத்தத்தை வைத்தே கோலா, பந்து கம்பத்தில் பட்டதா, ரெஃபரியைத் திட்டுகிறார்களா என்று சொல்லிவிடுவேன். அன்றைக்கு வந்த சத்தம் கோலுக்கா கிச்சடிக்கா என்று எனக்குத் தெரியவில்லை. ஜன்னலருகில் நின்று ரொம்ப நேரம் கேட்டுப் பார்த்தேன். தெரியவில்லை. அப்போது மனசு விட்டுப்போனது மச்சான். வீட்டை மூடிக்கொண்டு போனவர்களுடைய வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது.

“நாம ஊருக்கே போயிடலாமா?” என்று கேட்டேன். நான் ரிட்டையர் ஆனதிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒருமுறை பார்த்தாள்.

“நெசமாத்தான் சொல்றீங்களா?”

“நெசமாத்தான். இங்க இனிமே எனக்கு வேலையில்ல.”

அவள் அன்றைக்கே பரணிலிருந்து பெட்டிகளை இறக்கித் துடைத்துவிட்டாள். ஆகவே இந்தக் கடிதத்தின் முக்கியமான விஷயம் என்னவென்றால், விழுப்புரத்தில் ரயில்வே ஸ்டேஷனுக்கு நடந்துபோகிற தூரத்தில், தண்ணீர் வசதியோடு ஒரு சின்ன வீடு பார்த்துவைக்க வேண்டும். பக்கத்தில் கோயில் இருந்தால் உங்கள் தங்கைக்கு நல்லது. மைதானம் எதுவும் இல்லாமல் இருந்தால் எனக்கு நல்லது. துர்கா பூஜை முடிந்ததும் கிளம்பிவிடுகிறோம். எஞ்சிய நாளைச் சொந்தக்காரர்கள் நடுவில், எந்தப் பந்தையும் பார்க்காமல், நிம்மதியாகக் கழிப்பது என்று தீர்மானம் செய்துவிட்டேன். இதில் மாற்றமே கிடையாது.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். வீணாகத் தலை முழுகவைத்ததற்கு மன்னிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் நன்றாகப் படித்து, நல்ல வேலைக்குப் போய், எந்த டீமுக்கும் ஆதரவாளர் ஆகாமல் நூறு வயசு இருக்க ஆசீர்வாதம்.

என்றும் தங்கள் அன்புக்குரிய,
இராஜமாணிக்கம்

பின்குறிப்பு: இதை ஒட்டித் தபாலில் போடுவதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. பழைய குக்கர் ரப்பரைக் கொடுத்தால் புதுசு தருகிறார்கள் என்று நிமாய்தா சம்சாரம் பூங்கோதையை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ரப்பர் வாங்கப் போனவள் இருட்டுகிற நேரத்துக்குத் தொண்டை கட்டிக்கொண்டு வந்தாள். என்ன ஆச்சு என்று கேட்டேன். “அந்தக் கொடி பிடிக்கிறவனுக்குக் கண்ணே தெரியலங்க. நம்ம பையன் பின்னாடிதான் நின்னான்” என்றாள். பிறகு ஆஃப்சைடு என்றால் என்னவென்று கேட்டாள். சமையலறைத் தரையில் டம்ளர், கரண்டி, கடுகு டப்பாவெல்லாம் வைத்து விளக்கினேன். சோறு அடிப்பிடித்தது, இரண்டு பேரும் கவனிக்கவில்லை. “இவ்ளோ நல்ல விஷயத்தை இத்தனை வருஷமா எனக்குச் சொல்லாம நீங்க மட்டும் போய்ப் பார்த்துட்டு வந்திருக்கீங்க” என்று கோபித்துக்கொண்டு, பெட்டிகளைத் திரும்பவும் பரணில் ஏற்றிவிட்டாள். ஆகவே வீடு பார்க்க வேண்டாம். புதன்கிழமை கார்டன் ரீச்சில் ஆட்டம் இருக்கிறது. மழைக்காலம் என்பதால் பூங்கோதைக்குக் குடை பிடிக்க மட்டும் நான் போகிறேன்; நிமாய்தா அவர் சம்சாரத்தின் பையைத் தூக்கிக்கொண்டு வருகிறார். எங்கள் எட்டாம் நம்பர் பையன் இடது காலால் அடிப்பதை விட்டுவிட வேண்டும் என்று உங்கள் தங்கை சொல்கிறாள். எனக்கும் அப்படித்தான் படுகிறது.