தையல் மேசையில் ஒரு குறள் வெண்பா

எங்கே தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில், தையல்காரரின் மனைவி வெண்பாவைப் பற்றி வாயே திறந்ததில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. ஆனால் பதினெட்டு வருஷமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைக்கிறாள். அவரோ வெட்டும்போது அசை, தைக்கும்போது தளை, இஸ்திரி போடும்போது எதுகை மோனை என்று பாடம் நடத்துகிறவர். காதுக்கு என்ன, மூடியா இருக்கிறது?

அன்று காலை, அளவுச் சீட்டின் பின்பக்கம் அவள் பென்சிலால் கிறுக்கியது அவர் கையில் சிக்கியது.

"இது என்ன?" என்று உரக்கப் படித்தார்.

"ஊரார் இடுப்பளப்பான் ஓயாமல், தன்வயிறு
பாராமல் தைப்பான் உடுப்பு."

அவள் மடியில் இருந்த அவர் சட்டைமேல் குனிந்துகொண்டாள். அந்த மாசம் அவர் சட்டையிலிருந்து தெறித்த ஏழாவது பட்டனை அப்போதுதான் தைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் சாக்பீஸை எடுத்து மேசையில் கோடு போட ஆரம்பித்தார்.

"ஊ-ரா, பா-ரா... எதுகை ஆச்சு. ஊவுக்கு ஓ, மோனை. இடுப்பளப்பான், கருவிளங்காய். அடுத்தது நேர் வரணும்... அட, வந்திருச்சே!"

பயம் ஒரு பக்கம், ஆவல் ஒரு பக்கம். கேட்டே விட்டாள்.

"கடைசிச் சீர் சரியாங்க?"

"உடுப்பு. பிறப்பு வாய்பாடு. ஒரு தையல்கூடப் பிரியல!"

"அர்த்தம்?"

"அது கிடக்கட்டும். எதிர்க்கடைத் தையல்காரனைச் சொல்லுது. எழுதினது யாருன்னுதான் மண்டை குடையுது. சாயங்காலம் நூலகக் கவிதைக் கூட்டத்துல இதைத்தான் அலசப்போறேன். யாருன்னு கேப்பாங்களே!"

நாற்பது பேர் கூடும் இடம். நாற்பது பேரும் இவர் வயிற்றைப் பார்த்தவர்கள். உண்மை தெரிந்தால் வீடு இரண்டாகிவிடும்.

"என்னங்க, நீங்கதானே சொன்னீங்க? போன வாரம், இஸ்திரி போட்டுக்கிட்டே. மறந்துருவீங்கன்னு நான் எழுதி வச்சேன்."

சாக்பீஸ் நின்றது. "நானா?"

"இவ்வளவு சுத்தமா வேற யாருக்கு வரும்?"

மீசையைத் தடவினார். "அதானே! படிக்கும்போதே நம்ம கைவாசனை அடிச்சுது."

கீழே தன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டு கிளம்பினார். திரும்பி வந்தபோது முகமெல்லாம் பல்.

"ஒருத்தர் பாக்கியில்லாம சிரிச்சுத் தள்ளிட்டாங்க! எதிர்க்கடைக்காரன் மேடைக்கே வந்து என் கையைப் பிடிச்சுக் குலுக்கினான். பாவம், அவனுக்குப் புரியவே இல்ல!"

அவள் அவசர அவசரமாக மேசைக்கடியில் புகுந்து, விழாத ஊசியைத் தேட ஆரம்பித்தாள்.