எக்சைஸ் இன்ஸ்பெக்டரும் என் மாமனாரும்

புது மாப்பிள்ளைகளுக்கு மாமனாரிடம் நல்ல பெயர் வாங்கிவிட வேண்டும் என்றொரு வெறி இருக்கும். எனக்கு அது முற்றிப் போயிருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில், எனக்குக் கல்யாணமான சூட்டோடு, கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் (அதாவது தொழிற்சாலை) நடத்திய என் மாமனார் நெஞ்சுச் சளியும் காய்ச்சலுமாக ஆஸ்பத்திரியில் படுத்தார். (உள்ளுக்குள் சந்தோஷப்பட்ட பாவி நான். வாய்ப்பு அல்லவா!) "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று மனைவி செல்வியை வீட்டுக்கு அனுப்பினேன். முதல் வேலையாக, உடைந்துவிடக் கூடாதென்று மாமாவின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் பத்திரப்படுத்தினேன்.

பொழுது சாய்ந்ததும் மாமா என்னையும் என் கையிலிருந்த எக்ஸ்ரே கவரையும் மாறி மாறிப் பார்த்தார். தீப்பெட்டிக்கு வரி போட ஆபீஸுக்கு வரும் எக்சைஸ் இன்ஸ்பெக்டரைக் கண்டதுபோல முகம் வெளிறியது.

"வாங்க சார். எக்சைஸ்ல இருந்து வாரீயளா? இங்கன எல்லாம் ஒழுங்காத்தான் நடக்குது." நர்ஸைப் பார்த்து, "ஏட்டி, சாருக்குக் குடிக்க ஒரு கலர் வாங்கியா!" என்றார்.

"மாமா, நான் உங்க மாப்பிள்ளை" என்று சொல்லியிருக்க வேண்டும். பெரியவரை மறுத்துப் பேசினால் நல்ல பெயர் என்னாவது? கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "எல்லாம் கரெக்டா இருக்கு. நான் கெளம்புதேன்" என்றேன். (நடிப்பில் எனக்கே பரம திருப்தி.)

"அதுக்குள்ள கெளம்புதீயளா? இருங்க, வாசல் வரைக்கும் வாரேன்."

மரியாதை தெரிந்த மனிதர், விருட்டென்று எழுந்துவிட்டார். டிரிப்ஸ் ஊசி பிய்ந்தது, ஸ்டாண்டு சாய்ந்தது, கையிலிருந்து ரத்தம் கொட்டியது. அவர் சரிவதைப் பார்த்துப் பாய்ந்து பிடித்து, அவருக்கு அடியில் நான் மெத்தையாக விழுந்தேன். மனிதர் போய்விடுவாரோ என்று நிஜமாகவே நடுங்கிவிட்டேன்.

ஓடிவந்த டாக்டரம்மா வார்டே கேட்கும்படி ஏசினார். "காய்ச்சல் வேகத்துல மூளை கலங்கியிருக்கு, சளி கொறைஞ்சா தெளிஞ்சிரும். அதுவரைக்கும் அவர் சொல்றதுக்கெல்லாம் ஆமா போடாதீங்க, சண்டையும் போடாதீங்க. நீங்க யாரு, இது எந்த இடம்னு மெதுவா சொல்லுங்க. லைட்டப் போடுங்க. ஆமா, அவர் கண்ணாடி எங்க?"

கண்ணாடி ஏறியது. செல்வி வந்து கையைப் பிடித்துக்கொண்டதும் மாமா பாதி அடங்கினார். அவள் என் பக்கம் திரும்பி, "ஒங்களுக்குக் கொஞ்சமாவது கூறு இருக்கா?" என்றாள்.

சில நாட்களில் மாமா நன்றாகத் தெளிந்தார். ஆனால் நடந்ததில் ஒரு துண்டு மட்டும் மனதில் தங்கிவிட்டது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்: "அந்த இன்ஸ்பெக்டர் தங்கமான மனுசன். நான் விழப்போகையில தாங்கிப் பிடிச்சாரு. மாப்ளதான் எட்டிக்கூடப் பாக்கல."

எவ்வளவோ விளக்கிப் பார்த்தோம், எடுபடவில்லை. இன்றைக்கும் எங்கள் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும், "மொதப் பத்திரிகைய இன்ஸ்பெக்டருக்கு வைங்க" என்கிறார். செல்வி வெற்றிலை பாக்குத் தட்டோடு அதைக் கொண்டுவந்து சிரிக்காமல் என்னிடம் நீட்டுகிறாள். நானும் எழுந்து நின்று வாங்கிக்கொள்கிறேன்.