சாக்பீஸ் மேஸ்திரி தேர்ந்தெடுத்த என்ஜின்

ஆம்பூரில் சாக்பீஸ் மேஸ்திரி நம்பர் போடாதவை இரண்டே இரண்டு. ஒன்று பாலாறு, இன்னொன்று அவர் மனைவி. பாலாற்றில் தரம் பார்க்கத் தண்ணீர் இல்லை. மனைவி விஷயத்தில் அவருக்குத் தைரியம் இல்லை.

எழுபதுகளின் கடைசியில் நான் குமாஸ்தாவாக இருந்த டேனரியில் தோலைத் தரம் பிரிப்பது அவர் வேலை. தோலை மேஜையில் விரித்து, கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையால் ஒரே ஒரு தடவு. உண்ணி கடித்த வடு, முள் கீறல், மாட்டுக்குச் சூடு போட்ட தழும்பு எல்லாம் அந்தக் கைக்குத் தெரிந்துவிடும். மூலையில் சாக்பீஸால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதுவார். நாலு என்றால் கழிவு. எழுதிய நம்பரை மாற்றியதாகச் சரித்திரமே இல்லை.

டேனரிக்கு வெளியேயும் அந்தக் கை சும்மா இருக்காது. உறவினர்கள் ஒருமுறை அவரை மாப்பிள்ளை பார்க்க அழைத்துப் போனார்கள். பையனின் முன்கையைத் தடவிப் பார்த்துவிட்டு, பையனின் அப்பா காதில் விழும்படியே, "மூணு. ஓரம் பூரா வீக்கு," என்றார். அந்தச் சம்பந்தம் அங்கேயே நின்றது.

இப்படிப்பட்டவரைத்தான் முதலாளி என்ஜின் பொறுக்க அழைத்துப் போனார்.

முதலாளியின் தகப்பனார் விட்டுப்போன அமெரிக்கக் கார் அது. கதவு இரண்டுதான், ஆனால் என்ஜினை மூடும் முன்மூடி மட்டும் ஒரு கட்டில் நீளம். அதன் சொந்த என்ஜின் வெடித்துப்போனதால் யாரோ ஒரு சின்ன காரின் என்ஜினைப் பொருத்தியிருந்தார்கள். ஏலகிரி மலையில் ஒரு வளைவில் மாட்டுவண்டி ஒன்று அதை முந்திக்கொண்டு போனது. வண்டிக்காரர் திரும்பிப் பார்த்துக் கையும் அசைத்தார். அந்தக் கையசைப்பை முதலாளி மறக்கவில்லை.

வேலூரில் பழைய என்ஜின் விற்கும் குடோனுக்கு முதலாளி, மேஸ்திரி, நான் மூன்று பேரும் போனோம். முதலில் ஒரு லாரி டீசல். ஓடவிட்டதும் எங்கள் பல் ஆடியது. அதை அங்கேயே விட்டோம். அடுத்தது எட்டு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். அதை முடுக்கியதும் தகரக் கூரையில் இருந்த காக்கைகள் ஊரைக் காலி செய்தன.

"இன்னா சவுண்டு பாத்தியா மேஸ்திரி! புலிய்யா, புலி!" என்றார் முதலாளி.

மேஸ்திரி கையை வைத்தார். "ரெண்டு."

"அரே, இன்னாய்யா ரெண்டு?"

"தோலு தடிதான் முதலாளி. உள்ள கிழிஞ்சிருக்கு. துடிப்பு ஒரே சீரா இல்ல."

முதலாளி கடைக்காரரிடம் என்ஜினின் உரிமைப் பேப்பர் கேட்டார். "அத அப்புறம் பாத்துக்கலாம் பாய்," என்றார் கடைக்காரர். முதலாளி பெருமூச்சு விட்டு நகர்ந்தார். "வண்டி ரோட்டுல ஓடணும்யா. கோர்ட்டுல இல்ல."

கடைசியில் இருந்தது ஆறு சிலிண்டர். மேஸ்திரி இரண்டு கையையும் வைத்துக் கண்ணை மூடியவர் வெகுநேரம் திறக்கவில்லை. தூங்கிவிட்டாரோ என்று நான் அருகில் போனேன்.

"ஒண்ணு," என்றார். "மலை ஏறும். பேப்பரும் கீது. இதுல ஒரு பேஜாரு வந்துச்சுன்னா நான் அப்புறம் சாக்பீஸைத் தொடமாட்டேன், முதலாளி."

என்ஜினைப் பொருத்தினார்கள். ஏலகிரியில் கார் பாய்ந்து ஏறியது. முந்துவதற்கு ஒரு மாட்டுவண்டி கிடைக்கவில்லை என்பதுதான் முதலாளிக்கு இருந்த ஒரே குறை. மிச்சமிருந்தது வேலூரில் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டி, புது என்ஜின் நம்பரை ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றுவது மட்டும்.

இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனிதர். சிரித்துப் பழக்கமில்லாத முகம். பிரேக் பார்த்தார், விளக்கு பார்த்தார், தலையசைத்தார். முன்மூடியைத் திறந்து டார்ச் அடித்தார். குனிந்தார். இன்னும் குனிந்தார்.

"நம்பர் எங்க?"

நம்பர் இருக்க வேண்டிய இடம் கண்ணாடிபோல வழவழவென்று இருந்தது.

"யார் தேய்ச்சது? திருட்டு என்ஜினா?" பதிலுக்குக் காத்திராமல் அவர் காகிதத்தை எடுத்தார். "வண்டி இங்கயே நிக்கட்டும். ஸ்டேஷனுக்கு எழுதறேன்."

பேனா இரண்டு வரி ஓடியது. சூடு தணியும் என்ஜின் டிக் டிக் என்று சத்தமிட்டது.

"நான்தான் சார் தேய்ச்சேன்," என்றார் மேஸ்திரி.

"எதுக்கு?"

"பாக்க சூட்டுத் தழும்பு மாதிரி இருந்துச்சு சார். எங்க ஷெட்டுல தோல்ல எமரி பேப்பர் போட்டு அத எடுத்துருவோம். தழும்பை வச்சுக்கினு ஒண்ணு குடுக்க எனக்கு மனசு வரல."

"அரே மேஸ்திரி! என்ஜின் இன்னாய்யா எருமைத் தோலா?" என்றார் முதலாளி.

மேஸ்திரி அவரைப் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டரிடம் நம்பரை முழுதாக ஒப்பித்தார்.

"பழைய ஆர்.சி. புத்தகத்தைப் பாத்து யார் வேணாலும் சொல்லலாம்யா," என்றார் இன்ஸ்பெக்டர்.

"புத்தகத்துல இல்லாததையும் சொல்றேன் சார். மூணாவது நம்பர் எட்டு. அத ரெண்டு தபா குத்தியிருக்கான், கொஞ்சம் நழுவியிருக்கு. கடைசி ஒண்ணுக்குக் கீழ்ப்பாதி அழுத்தம் கம்மி. தேய்க்கறதுக்கு முன்னாடி தடவிப் பாத்தேன்."

இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது. அந்த என்ஜின் முதலில் இருந்த காரும் அதே ஆபீசில் பதிவானதுதான். பதியும்போது நம்பர்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துக் கோப்பில் ஒட்டுவார்கள். அவர் எழுந்து உள்ளே போனார்.

அரை மணி நேரம் வெயிலில் நின்றோம். மேஸ்திரியின் சட்டைப் பைக்குள் சாக்பீஸ் ஒடியும் சத்தம் மூன்று முறை கேட்டது.

இன்ஸ்பெக்டர் பழுப்பேறிய ஒரு தாளுடன் வந்தார். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். எங்களுக்கும் காட்டினார். மூன்றாவது இடத்தில் இருந்த எட்டுக்குப் பக்கத்தில் நிழல்போல இன்னொரு எட்டு. கடைசி ஒன்று இடுப்போடு நின்றிருந்தது.

அவர் மேஸ்திரியின் உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஸ்டேஷனுக்கு எழுதியதைக் கிழித்துப் போட்டார். அதே நம்பரைத் திரும்பப் பொறிக்க உத்தரவு எழுதி முதலாளியிடம் நீட்டினார்.

"பஞ்ச் பண்ணிக் கொண்டாந்து காட்டுங்க. அதுக்கப்புறம் இந்த ஆளு என்ஜினைத் தடவக்கூடாது."

திரும்பி வரும்போது முதலாளி ஓட்டினார். பின்சீட்டில் நானும் மேஸ்திரியும். பள்ளிகொண்டா தாண்டியதும் அவர் பையிலிருந்து ஒரு துண்டு சாக்பீஸை எடுத்தார். தன் நீலச் சட்டையின் இடது கையில் அழுத்தி எழுதினார்: 4.

போட்ட நம்பரை மாற்றாதவர் அவர். அவர் கணக்கில் நாலு என்றால் கழிவு.

ஆம்பூரில் இறங்கினோம். "காலைல ஷெட்டுல லோடு வருது மேஸ்திரி. நேரத்தோட வா," என்றார் முதலாளி, திரும்பிப் பார்க்காமல். மேஸ்திரி தலையாட்டிவிட்டு நடந்தார். நான் பின்னாலேயே போய் அவர் சட்டைக்கையைத் தட்டினேன்.

"இன்னா சார்?"

"தூசி," என்றேன்.

இருக்கிற நம்பரைத் தேய்த்து அழித்தால் என்ன ஆகும் என்று அன்று காலைதான் கண்ணால் பார்த்திருந்தேன். ஆனாலும் ஒரு கோடுகூட மிச்சமில்லாமல் தேய்த்தேன்.